பதினேழாவது கேள்வி

சந்திரகலா கணினியின் முன்னால் உட்கார்ந்து பதினேழாவது கேள்விக்கு 'டி' எழுத்தை அழுத்தினாள். திரையில் பச்சை எழுத்துகளில் 'சாலா' என்று மலாயில் வந்தது. தவறு என்று அர்த்தம். அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நான் பின்னால் நின்றிருந்தேன். நேற்றுவரை அதே கேள்விக்கு அதே 'டி'யைத்தான் அந்த இயந்திரம் சரி என்று சொல்லிக்கொண்டிருந்தது. இன்று மத்தியானம், யாரும் வருவதற்கு முன்னால், அதை மாற்றியவன் நான்.

அது எண்பத்தொன்பதாம் வருடம். பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு மேல்மாடியில் சாத்தப்பன் நடத்திய டியூஷன் சென்டரில் நான் கணக்கு வாத்தியார். அவர் இரண்டு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டதும், மூன்று மாத வகுப்புக்குப் போய் வந்த ஒரே காரணத்துக்காக நான் கம்ப்யூட்டர் சாரும் ஆகிவிட்டேன். ஆலையில்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அந்த அறைக்குள் நுழைய வேண்டும். வேறெந்த அறைக்கும் இல்லாத ஏர்கோன் குளிர் அதற்கு உண்டு. பெற்றோர்கள் வாசலில் நின்று எட்டிப் பார்ப்பார்கள். உள்ளே வரச் சொன்னாலும் வரமாட்டார்கள்.

நான்காம் படிவத்தில் எந்த வகுப்பு என்று முடிவு செய்கிற எஸ்.ஆர்.பி. தேர்வை எழுதப்போகும் மூன்றாம் படிவப் பிள்ளைகளுக்காக, ஒரு பயிற்சிப் புத்தகத்திலிருந்து புவியியல் கேள்விகள் நாற்பதை நான்தான் தட்டச்சு செய்து உள்ளே போட்டேன். பதினேழாவது கேள்வி ஆறுகளின் வரைபடம். அந்தக் கம்ப்யூட்டரில் படம் வரைய எனக்குத் தெரியாது. அதை விட்டுவிட்டுப் பதினெட்டாவதைப் பதினேழாக்கினேன். அப்படியே முப்பத்தொன்பதுவரை போட்டு முடித்தேன். பிறகு விடைகளை, புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் பார்த்து, ஒரே மூச்சில் நாற்பதையும் வரிசையாக அடித்தேன். வரைபடக் கேள்வியின் விடையையும் சேர்த்துத்தான்.

பதினேழிலிருந்து ஒவ்வொரு கேள்விக்கும் அதற்கு முந்தைய கேள்வியின் விடை போய் உட்கார்ந்துகொண்டது. எனக்குத் தெரியவில்லை. பிள்ளைகள் பதினாறு, பதினெட்டு என்று மார்க் வாங்கினார்கள். "மெசின் டெஸ்ட் சூசா லா சார்," என்று கஷ்டத்தை மலாயில் சொல்லிச் சிரித்துவிட்டு மாமாக் கடைக்குத் தேநீர் குடிக்க ஓடினார்கள். சாத்தப்பனிடம் சொன்னபோது, "கொறைஞ்சா நல்லதுதான் சார். அப்பதானே அப்பா அம்மாவுக்கு ஒரு பயம் இருக்கும்," என்றார்.

சந்திரகலா மட்டும்தான் கேட்டாள். சாலாக் செலாத்தானிலிருந்து பஸ் ஏறி வருகிற பெண். அவள் அப்பா அய்யாவு, செலாயாங் மொத்தச் சந்தையில் லோரியிலிருந்து காய்கறிக் கூடை இறக்குகிறவர். சேர்க்க வந்த அன்று வாசலிலேயே நின்று சொன்னார்: "சார், இது நல்லா படிக்கும். ஃபோர்ம் ஃபோர்ல சயின்ஸ் கிளாஸ் கெடச்சா படிக்கட்டும். இல்லன்னா ரவாங்ல அவ சித்தி வேலை செய்ற பேக்டரியில விட்டுடலாம்னு இருக்கேன். நீங்கதான் பாத்துக்கணும்."

ஜூலையில் ஒருநாள் அவள் பாடப்புத்தகத்தை விரித்து என்னிடம் நீட்டினாள். "சார், பதினேழாவது கேள்வி. நெல்லு அதிகமா விளையற மாநிலம் புக்ல கெடான்னு இருக்கு. இது ஜொகூர்னு சொல்லுது."

அன்று சாத்தப்பன் நான்கைந்து பெற்றோரைக் கூட்டிவந்து வாசலில் நிறுத்தியிருந்தார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குக் கெடா என்று தெரியும். சின்னப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆனாலும் சொன்னேன்: "புத்தகம் பழசும்மா. கம்ப்யூட்டர் புதுசு. கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?"

பெற்றோர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்துத் தலையாட்டினாள். சாயங்காலம் சரிபார்க்கலாம் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. மறுநாள் என்று நினைத்தேன். இரண்டு மாதம் ஓடிவிட்டது. சோம்பேறித்தனம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். அது இல்லை. அத்தனை பேர் முன்னால் சொன்னது பொய்யாக இருந்துவிடுமோ என்ற பயம்தான்.

தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கையில், அன்று மத்தியானம், புதுக் கேள்வி ஒன்றைச் சேர்க்கத் திறந்தபோது, விடை வரிசையின் கடைசியில் ஒரே ஓர் எழுத்து ஆளில்லாமல் மிஞ்சி நின்றதைப் பார்த்தேன். காது சூடாகிவிட்டது. வரைபடக் கேள்விக்கு உரிய பதினேழாவது எழுத்தை அழித்தேன். பின்னால் இருந்தவையெல்லாம் ஓரடி முன்னால் நகர்ந்து தத்தம் இடத்தில் உட்கார்ந்தன. அரை நிமிட வேலை. யாரிடமும் சொல்லவில்லை. யார் ஞாபகம் வைத்திருக்கப் போகிறார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இதோ, ஞாபகம் வைத்திருக்கிறவள் என் முன்னால் உட்கார்ந்திருந்தாள். பதினெட்டு. சாலா. பத்தொன்பது. சாலா. அவள் நிறுத்திவிட்டுப் பையிலிருந்து ஒரு 555 நோட்டை எடுத்தாள். மளிகைக்கடையில் கடன் எழுதுகிற அந்தச் சின்ன நோட்டுதான். அதில் ஒன்றிலிருந்து முப்பத்தொன்பதுவரை விடைகளைக் கேள்வியோடு எழுதி வைத்திருந்தாள். நெல், ஜொகூர், டி. பென்சிலால் அழுத்தி, அடிக்கோடிட்டு. பஸ்ஸில் வரும்போதும் போகும்போதும் படித்திருப்பாள். விளையாட்டாக எடுத்துக்கொண்ட பிள்ளைகளெல்லாம் தப்பித்துவிட்டார்கள். என்னை நம்பியவள் மாட்டிக்கொண்டாள்.

நோட்டையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். இப்போது கேட்கப்போகிறாள், கேட்டால் சொல்லிவிடலாம் என்று நின்றேன்.

"நான்தான் தப்பா எழுதிக்கிட்டேன் போல சார்," என்றாள்.

வாசலில் சாத்தப்பன் புதிதாக வந்த ஒரு தம்பதியிடம் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். என் வாய் திறந்தது. "இல்லம்மா" என்றுகூட வந்துவிட்டது. அந்த அம்மாள் உள்ளே எட்டிப் பார்த்தாள். நான், "இல்லம்மா, பரவால்ல. இன்னும் மூணு வாரம் இருக்கு," என்று முடித்தேன். வெட்கங்கெட்டவன்.

அவள் அழிப்பானை எடுத்து அழிக்க ஆரம்பித்தாள். பதினேழிலிருந்து கடைசிவரை இருபத்து மூன்று விடைகள். நான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, என் சட்டைப் பையிலிருந்த பென்சிலின் பின்பக்க ரப்பரை நீட்டினேன்.

"நீங்க எதுக்கு சார்," என்று கூச்சப்பட்டாள். அப்புறம் நோட்டை என் பக்கம் கொஞ்சம் நகர்த்தினாள். "சரி, இந்தப் பக்கம் நீங்க அழிங்க. நல்லா அழிங்க சார், பழசு தெரிஞ்சா எக்ஸாம்ல கொழம்பிடுவேன்."

தேய்த்தேன்.

"இனிமே மாறாதுல்ல சார்?"

"மாறாது."

ரப்பர்த் தூளை ஊதிவிட்டுப் பார்த்தேன். கரி போயிருந்தது. ஆனால் அவள் அழுத்தி எழுதிய 'ஜொகூர்' தாளில் பள்ளமாக அப்படியே இருந்தது. இன்னும் கொஞ்சம் தேய்த்தேன். தாள் மெலிந்து, அடுத்த பக்கத்து எழுத்து தெரியத் தொடங்கியது.