காட்டாத சீட்டு

டயாலிசிஸ் படுக்கை காலியாகும் வரை வராந்தா பெஞ்சில் நால்வரும் போக்கர் ஆடுவார்கள். மருந்துக் குப்பிகளின் மூடிகள்தான் பந்தயம். அப்பா, ஆட்டோக்காரர், டீச்சரம்மா மூவரும் நோயாளிகள். அவள் அப்பாவுக்குத் துணையாக வந்தவள்.

அப்பாவுக்கு அங்கே 'இறுக்கிப்பிடி' என்று பெயர். பத்துச் சுற்றில் ஒன்பதில் சீட்டைக் கவிழ்த்து ஒதுங்கிவிடுவார். பந்தயத்தை ஏற்றினால் கையில் சரக்கு இருக்கிறது என்று அர்த்தம். நான்கு மாதமாக அவள் மனதுக்குள் எண்ணிவந்தாள். எதிராளி துணிந்து காட்டச் சொன்ன ஒவ்வொரு முறையும் நல்ல சீட்டுதான். அறிவியல் படித்தவளுக்கு அது போதுமான சான்றாக இருந்தது.

முந்தாநாள் வீட்டில் பேச்சு வந்தது. அவளுக்கு வெளியூரில் ஆய்வக வேலை, திங்கட்கிழமை சேரவேண்டும். அப்பாவை வாரம் மூன்று முறை யார் அழைத்துப்போவது? லீவு கிடைக்காது என்றான் அண்ணன். அம்மா தன் முழங்காலைத் தடவிக்கொண்டாள். எல்லோரும் ஓய்ந்த பிறகே அப்பா வாயைத் திறந்தார்.

"இனிமே வாரம் ஒரு தடவை போதும்னு டாக்டர் சொல்லிட்டாரும்மா. நானே பஸ்ல போயிட்டு வந்துருவேன். நீ கெளம்பு."

வீணாக ஒரு வார்த்தை பேசாத மனிதர். அவள் நம்பினாள். பெட்டியும் கட்டிவிட்டாள்.

இன்று சீட்டுப் போட்டவர் அப்பா. முன்னால் ஆடுபவர் என்ன செய்கிறார் என்று பார்த்துவிட்டு ஏற்றவோ கவிழ்க்கவோ வசதியான இடம். ஆட்டோக்காரர் கவிழ்த்தார். அப்பா ஐந்து மூடிகளைத் தள்ளினார்.

"இவரே ஏத்துறாருன்னா நமக்கெதுக்கு வம்பு?" டீச்சரம்மாவும் கவிழ்த்தார்.

அவளிடம் ராஜா, ராணி என்று நல்ல சீட்டுகளே இருந்தன. கவிழ்த்தாள்.

"பொண்ணே பயப்படுது பாருங்க சார்," ஆட்டோக்காரர் சிரித்தார். "உங்ககிட்ட ஒரு மூடி வாங்குறதுக்குள்ள எனக்குப் புது கிட்னியே வந்துரும்."

சீட்டுகளை வாரும்போது அப்பாவுடைய இரண்டு சீட்டும் மல்லாந்தன. ஏழு. இரண்டு. வெவ்வேறு இனம். போக்கரில் அதைவிட மோசமான கை கிடையாது.

அப்பா அவளைப் பார்க்காமல் மூடிகளை அடுக்கினார்.

முன்னால் ஆடியவர் ஒதுங்கிய பிறகு, இந்த இடத்திலிருந்து அவர் ஏற்றியபோதெல்லாம் யாருமே காட்டச் சொன்னதில்லை. அவள் எண்ணியது காட்டிய சீட்டுகளை மட்டும். வாரம் ஒரு தடவை போதும் என்று டாக்டர் எழுதிய தாள் எதையும் அவள் கேட்கவில்லை. கேட்க விரும்பவில்லை என்பதும் இப்போது தெரிந்தது.

"டாக்டர் எழுதிக் குடுத்ததக் காட்டுங்கப்பா."

"வீட்ல எங்கயாச்சும் கெடக்கும்."

"நான் அவர்கிட்டயே கேக்கட்டுமா?"

"டிரெயின் எத்தனை மணிக்கும்மா?"

நர்ஸ் மூன்றாம் படுக்கை என்று கூப்பிட்டாள். அப்பா கையை நீட்டினார். மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கிவிட்டவள் பிடியை விடாமலே நடந்தாள். டாக்டர் அறையைத் தாண்டித்தான் போகவேண்டும். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே அவர் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். அப்பா நடையைக் கூட்டினார். அவளும் குறைக்கவில்லை. டயாலிசிஸ் ஊசி ஏற்றுவதற்காக அவர் மணிக்கட்டில் இணைத்துத் தைத்திருந்த ரத்தக்குழாய் மட்டும் அவள் விரலடியில், சைலன்ட்டில் போட்ட போன் போல, அதிர்ந்துகொண்டே வந்தது.