ஏழு மாதக் காப்பி

ஆடை படிந்துகொண்டிருந்தது காப்பி டம்ளரில், அதை விரலால் ஒதுக்கிவிட்டு அடியில் ஏதாவது கிடக்கிறதா என்று பார்த்தாள் சாந்தாமணி, ஒன்றும் இல்லை, இல்லாததுதான் சந்தேகமே, கிடந்திருந்தால் எடுத்து நாச்சிமுத்துவின் மூஞ்சிக்கு நேரே நீட்டி இது என்னங்க என்று கேட்டிருப்பாள், பதினெட்டு வருஷம் குடித்தனம் பண்ணினவளுக்குப் புருஷனைத் தெரியாதா, பொய் சொல்லும்போது மூக்கைச் சொறிவான், அன்றைக்குச் சொறியவில்லை, குடி புள்ள, ஆறிப்போகுது என்றான், அடேயப்பா, எந்தக் காலத்தில் அவள் காப்பி ஆறுவதைப் பற்றி அவன் கவலைப்பட்டான், அவன் செருப்பைத் தேடின நேரத்தில் தன் டம்ளரையும் அவன் டம்ளரையும் இடம் மாற்றி வைத்தாள், அவன் திரும்பி வந்து எதையும் குடிக்காமலே மில்லுக்குப் போய்விட்டான், அட கள்ளா, இனிமேல் அவன் கையால் பச்சைத்தண்ணீர்கூட வாங்குவதில்லை என்று அன்றைக்கே முடிவு கட்டினாள், அன்றைக்கா, இல்லை அதற்கு முந்தின வாரமா, தாராபுரத்து வீட்டில் நாட்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிரிக்க வரவில்லை, ஃபேன் பேச ஆரம்பித்தது அதற்கும் முன்னால், அது மட்டும் நிச்சயம், மூன்றில் வைத்தால் பேரைச் சொல்லிக் கூப்பிடும், ஐந்தில் வைத்தால் உன்ற புருஷனும் நாத்தனாளும் உன்னைய ஒழிச்சுக்கட்டப் போறாங்க என்று நீட்டி முழக்கும், பழைய சேலையை எடுத்து ஃபேனைச் சுற்றிக் கட்டினாள், சித்திரை வெயிலில் வீடே வெந்தது, கிணற்று மேட்டில் போய் நின்று எட்டி எட்டிப் பார்த்ததும் அந்தச் சித்திரையில்தான், நாச்சிமுத்து ஓடிவந்து இடுப்பைப் பிடித்து இழுத்தான், தள்ளிவிடத்தான் வந்தான் என்று இன்றைக்கும் பாதி மனசு சொல்கிறது.

யாரையும் நம்பாவிட்டால் எப்படிச் சாப்பிடுவது, அதற்கு மகள் இருந்தாள், பிளஸ் ஒன் படிக்கிற தாரணி, நான் பெத்த புள்ள கையால குடுத்தா குடிப்பேன், வேற எவன் குடுத்தாலும் தொடமாட்டேன் என்று முன்கட்டு ஆசாரத்தில் நின்று கத்தினாள், அதைப் புருஷன் காதில் விழக் கத்தியிருக்க வேண்டாம், மறுநாளிலிருந்து தாரணிதான் காப்பி போட்டாள், இந்தாங்கம்மா என்று சிரிக்கும், அவள் கடைசிச் சொட்டுவரை குடிப்பாள், வாங்கிக் குடிக்க ஒரு கை இருக்கிறது என்பதே அப்போது வயிறு நிறைந்த மாதிரி இருந்தது. பிறகு ஃபேன் வாயை மூடிக்கொண்டது, அதுவும் நல்லதுக்கில்லை, அதை யாரோ அடக்கி வைத்திருக்கிறார்கள், உடம்பு ஊதி ஜாக்கெட் கொக்கி மாட்டவில்லை, நாக்கு தடித்தது, காலை எடுத்து வைத்தால் தரையை இழுத்துக்கொண்டு வருகிறது, கை நடுங்குகிறது, என்னமோ பண்றாங்க சாமி, எனக்கு என்னமோ கலக்கறாங்க என்று மகளிடம்தான் சொல்லி அழுதாள், தாரணி அவள் முந்தானையை எடுத்தே அவள் கண்ணைத் துடைத்துவிட்டது.

இப்போது பெரியாஸ்பத்திரியில் டாக்டரம்மா முன்னால் மூன்று பேரும் உட்கார்ந்திருக்கிறார்கள், இன்னிக்கு என்ன கிழமைங்க, நூத்திலிருந்து ஏழு ஏழா கழிங்க பாக்கலாம் என்கிறாள் டாக்டரம்மா, பனியன் கம்பெனியில் எட்டு வருஷம் பீஸ் எண்ணினவளுக்கு இதெல்லாம் ஒரு கேள்வியா, கடகடவென்று கழித்தாள். சாப்பாட்டுல யாராச்சும் எதையாச்சும் கலக்கற மாதிரி தோணுதுங்களா. தோணறதென்னங்க, கலக்கறாங்க என்றாள். பாத்தீங்களா மேடம், இதானுங்க இவ சீக்கே, ஒரு மாத்திரையத் தொடமாட்டேங்கறா என்று நாச்சிமுத்து குறுக்கே பாய்ந்தான், டாக்டரம்மாவின் பேனா ஓடியது, ஓடட்டும், இவளும் அவர்கள் ஆள்தான். ஆனால் டாக்டரம்மா எழுந்து வந்து அவள் முழங்கையை மெல்ல மடக்கினாள், கை துருப்பிடித்த கீல் மாதிரி விட்டு விட்டு மடங்கியது, இன்னொரு தடவை மடக்கிப் பார்த்தாள், பிறகு நாச்சிமுத்துவிடம் திரும்பினாள், மருந்தே போகாத உடம்புல கை இப்படி இறுகாதுங்களே, என்ன குடுக்கறீங்க, யார் குடுக்கறீங்க.

நாச்சிமுத்து மூக்கைச் சொறிந்தான். நாந்தானுங்க மேடம் என்றது தாரணி, அப்பா கோயமுத்தூர்ல ஒரு டாக்டர்கிட்ட அம்மாவைக் கூட்டிட்டுப் போகாமலே சொல்லி சொட்டு மருந்து வாங்கிட்டு வந்தாருங்க, அம்மா எங்கையில மட்டுந்தான் குடிப்பாங்க, அதனால என்னைய ஊத்தச் சொன்னாரு, காப்பில பத்துச் சொட்டு, ஏழு மாசமா ஊத்தறேனுங்க, அம்மா கத்தற அன்னிக்குப் பயந்துக்கிட்டு நானே அஞ்சு சொட்டு சேத்து ஊத்திருக்கேன்.

முதலில் சந்தோஷம்தான் வந்தது சாந்தாமணிக்கு, பாத்தீங்களா, நான் சொன்னேனா இல்லையா என்று வெளியே வரிசையில் நிற்கிற அத்தனை பேரையும் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் போலிருந்தது, அப்புறம் டம்ளரை நீட்டின மகளின் கையைப் பார்த்தாள். கெணத்துல குதிச்சிருவாளோன்னு பயந்துட்டனுங்க, எனக்கு வேற வழி தெரியலீங்க என்று நாச்சிமுத்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதான், நிஜ அழுகைதானா என்று அதையும் உற்றுப் பார்த்தாள். நீங்க சொன்னது உண்மை, நாந்தான் அதை நோய்னு எழுதிட்டேன் என்று டாக்டரம்மா அந்த வரியை அவள் கண் முன்னால் அடித்தாள், பிறகு அப்பனையும் மகளையும் பார்த்தாள், சந்தேகந்தாங்க இவங்களுக்கு நோவு, நீங்க ரெண்டு பேரும் அதுக்குத் தீனி போட்டிருக்கீங்க, இனி ஒளிச்சுக் குடுக்கற வேலையே வேண்டாம், அந்தச் சொட்டு மருந்தை நிறுத்திட்டு, வேற மாத்திரை கொஞ்சமா எழுதறேன், அது இவங்க கையிலயே இருக்கட்டும், அடுத்த வாரம் மூணு பேரும் வாங்க, பேசணும்.

மருந்து கொடுக்கிற ஜன்னலில் மாத்திரை அட்டையைத் தானே வாங்கினாள், மருந்தின் பேரைத் தானே எழுத்துக்கூட்டிப் படித்தாள், பெஞ்சில் உட்கார்ந்தாள், தாரணி பக்கத்தில் ஒட்டாமல் நின்றது. காப்பி நிஜம் என்றால் மற்றதெல்லாமும் நிஜமா, கேட்காமல் இருக்க முடியவில்லை, அம்மிணி, அந்த ஃபேனு பேசுனதும் நெசந்தானா, மறைக்காம சொல்லு. இல்லீங்கம்மா, அது பேசவே இல்லீங்கம்மா, சத்தியமா என்று தாரணி தேம்பியது, சாந்தாமணி அந்த முகத்தையே பார்த்தாள், ஏழு மாதமும் காலையில் டம்ளரை நீட்டியபோது இதே முகம்தான், இதே கண்தான், இதில் எங்கே பார்த்துப் பொய்யைக் கண்டுபிடிப்பது, ஆனாலும் இந்த முகத்தை விட்டால் கேட்பதற்கு வேறு யார் இருக்கிறார்கள், சரி சாமி, பேசலைன்னு நீ சொன்னாப் பேசல என்று அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கி வாயில் போட்டுக்கொண்டாள். தாரணி அவசர அவசரமாகப் பையைத் திறந்து தண்ணீர் பாட்டிலை நீட்டியது. சாந்தாமணி அதை வாங்கவில்லை, மாத்திரை நாக்கில் கசக்கக் கசக்க, காலை இழுத்துக்கொண்டு தாழ்வாரக் கோடிவரை நடந்து போய்க் குழாயைத் திறந்து கையில் பிடித்துக் குடித்தாள்.