கன்னத்தில் ஒரு கண்ணாடி

அய்யாத்துரை ஐந்தரைக்கு எழுந்திருப்பான். கிணற்றடியில் பல் விளக்கிக் குளிப்பான். மனைவி குழல்வாய்மொழி காபி டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு நகர்ந்துகொள்வாள். அதன் பிறகுதான் அவன் எடுத்துக் குடிப்பான். ஒன்பது மணிக்குப் பாடம் நடத்தத் தென்காசிப் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிள் மிதிப்பான்.

எட்டு மாதமாக இப்படித்தான். அவளுடைய இடது கன்னத்தில் ஒரு ரூபாய் அகலத்துக்குச் சிவந்த படை. தொழுநோய் என்று அவனே முடிவு கட்டியிருந்தான். பி.ஏ. படித்தவன் சொன்னதை வீட்டில் யாரும் மறுக்கவில்லை. 1957 சாரல் காலம் முழுக்க ஞாயிறுதோறும் குற்றாலத்துக்குக் கூட்டிப்போய் அருவியில் நிறுத்தினான். மூலிகைத் தண்ணீர் மேல்நோயைக் கழுவிவிடும் என்று ஊரே நம்பியது. படை காது வரைக்கும் ஏறியது.

ஐப்பசியில்தான் ஊருக்குப் புதிதாக வந்திருந்த டாக்டர் செல்லப்பாவிடம் போனார்கள். இளவயதுக்காரர்.

"கண்ண மூடிக்கோங்கம்மா. பஞ்சு படும்போது சொல்லணும்."

"படுது... இப்பவும் படுது. ஐயோ, கூசுது டாக்டர்!" அவள் சிரித்துவிட்டாள்.

"உணர்ச்சி இருக்கு. இது குஷ்டம் இல்ல." ஒரு கண்ணாடித் துண்டை எடுத்து அவள் கன்னத்தில் வைத்து அழுத்தினார். சிவப்பு வடிந்து, அடியில் கருப்பட்டிப் பாகு நிறத்தில் புள்ளிகள் தெரிந்தன. "இங்கன பாரும் வாத்தியாரே. தோல்ல வந்திருக்க டி.பி. நெஞ்சுல மட்டுந்தான் வரும்னு யாரு சொன்னா? பி.ஏ. படிச்சிட்டுப் பொண்டாட்டிய அருவில ஊறப் போட்டிருக்கீரே, அவங்க என்ன புளியா?"

அதற்கும் அவள் சிரித்தாள். எட்டு மாதத்தில் வீட்டில் கேட்காத சிரிப்பு. அய்யாத்துரை டாக்டரின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். தான் தொடப் பயந்த கன்னத்தில் அவை பயமில்லாமல் இருந்தன.

இரண்டு மாதம் ஊசி, ஒன்றரை வருஷம் மாத்திரை. மாதாமாதம் வந்து காட்ட வேண்டும். காட்டும் நாளில் அவள் நீலச் சேலை கட்டினாள்.

"ஆஸ்பத்திரிக்கு எதுக்கு இந்தச் சேல?"

"எட்டு மாசம் முக்காடு போட்டுக் கெடந்தேன். மொகத்தக் காட்டிக்கிட்டு நடக்கேனே."

"யாருக்குக் காட்டணும்?"

அவள் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டு வாசலில் இறங்கினாள். அதையே அவன் பதிலாக எடுத்துக்கொண்டான்.

ஆனியில் படை வற்றி மெல்லிய தழும்பாகிவிட்டது. இனி அவன் தொடலாம். கை நீட்டினால் அங்கே இன்னொருவர் விரல் இருப்பதுபோல் இருந்தது.

"அதான் ஆறிட்டுதே. இனிமே போக வேண்டாம்."

"புள்ளி ரெண்டு பாக்கி இருக்குன்னு டாக்டர் சொல்லுதாரு. மாத்திரைய நடுவுல விட்டா வேற எடத்துல கெளம்புமாம்."

"டாக்டர் சொல்லுதாரு, டாக்டர் சொல்லுதாரு! அவரு வீட்டுலயே போய் இரேன்."

அவள் நீலச் சேலையை மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். அதற்கப்புறம் போகவில்லை. மாத்திரை பதினைந்து நாளில் தீர்ந்தது. வரச் சொல்லி டாக்டர் இரண்டு தபால் கார்டு போட்டார். அய்யாத்துரை இரண்டையும் அவளுக்குக் காட்டாமல் கிழித்தான்.

மார்கழியில் இருமல். தையில் இரத்தம். திருநெல்வேலிக்குக் கொண்டுபோனபோது இரண்டு நுரையீரலும் போயிருந்தன. மாசியில் இறந்தாள்.

கடைசியில் குற்றாலநாதரைக் கூப்பிட்டாள் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். அவன் மறுக்கவில்லை. பக்கத்தில் இருந்தது அவன் மட்டும்தான். கன்னத்தில் கை வைத்திருந்தான். அவள் கண் திறந்து சொன்னது இது:

"செல்லப்பா டாக்டர்ட்டச் சொல்லுங்க, நாந்தான் வரமாட்டேன்னு நின்னுட்டேன்னு."