மைத்துனியின் மூன்றாவது டிஸ்க்

அலுவலகத்தில் அவனுக்கு மேதாவி என்று பெயர். பாதி மரியாதை, பாதி கிண்டல். அவன் மரியாதையை மட்டும் எடுத்துக்கொண்டான். "ஆப்ஜெக்ட் ஓரியண்டட்னு புதுசா ஒரு புரோகிராமிங் வந்திருக்காமே, தெரியுமா?" என்று முதலாளி கேட்டபோது, "அதெல்லாம் நமக்குத் தண்ணி பட்ட பாடு சார்" என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டான். அதற்கான மென்பொருளை அவன் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

ஊரெல்லாம் சல்லடை போட்டுத் தேடினான். கடைக்காரர்கள் கையை விரித்தார்கள். கடைசியில் அது மாமனார் வீட்டில் இருந்தது. "கம்ப்யூட்டரெல்லாம் உனக்கு எதுக்கும்மா?" என்று போன மாதம் அவன் சிரித்துவிட்டு வந்த அதே மைத்துனியிடம், சின்னப் பெட்டியில், மூன்று ஃபிளாப்பி டிஸ்க்குகளாக.

"எடுத்துட்டுப் போங்க அத்தான். ஞாயித்துக்கிழமை குடுத்துடுங்க, மறுநாள் எனக்கு வேலைக்கான டெஸ்ட். என் மெஷின்ல ஹார்ட் டிஸ்க் இல்ல, இந்த டிஸ்க்கப் போட்டாத்தான் ஓடும்."

அலுவலகக் கம்ப்யூட்டரில் ஏற்றினான், ஓடியது. அதோடு விட்டிருக்கலாம். ஓசியில் வந்ததை விட யாருக்கு மனசு வரும்? தனக்கென்று ஒரு நகல் எடுக்க உட்கார்ந்தான். இருந்தது ஒரே டிரைவ். மூல டிஸ்க்கைப் போடு, காலி டிஸ்க்கைப் போடு என்று திரை மாற்றி மாற்றிக் கேட்டது. மூன்றாவதில், டிஸ்க் பூட்டியிருக்கிறது, எழுத முடியாது என்றது. "எனக்கே பாடமா?" என்று மேதாவிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. டிரைவில் இருந்ததை உருவி, மூலையில் எழுதவிடாமல் தடுக்கும் சின்னப் பூட்டை நகத்தால் தள்ளித் திறந்து, மறுபடி செருகினான். எழுதி முடித்தது. லேபிளைப் பார்த்தபோதுதான் புரிந்தது. வரிசை மாறி, காலி டிஸ்க்கைப் படித்து மைத்துனியுடையதன் மேல் எழுதியிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்றும் தெரியாதவன்போலப் பெட்டியை நீட்டினான். அவள் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். மூன்றாவது ஓடவில்லை. வெளியே எடுத்து, திறந்திருந்த பூட்டைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"என்னடி ஆச்சு?" என்றபடி அவன் மனைவி வந்து, அவன் நாற்காலியின் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஒண்ணுமில்லக்கா. என் டிரைவ்தான் மக்கர் பண்ணுது."

"அவ்வளவுதானே? இவரு பாத்துக் குடுப்பாரு. கம்ப்யூட்டர்ல இவருக்குத் தெரியாததா? அப்பா, இங்க வந்து பாருங்க!"

மாமனாரும் வந்து நின்றார். மேதாவி டிரைவைக் கழற்றினான். மைத்துனி டார்ச் பிடித்தாள். உள்ளே ஒரு தூசிகூட இல்லை. அவனுக்குக் காது மடல் எரிந்தது. எதைத் தொடுவது என்று தெரியாமல் திருப்புளியை அங்கும் இங்கும் நகர்த்தினான். அவள் குனிந்து, அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்: "கொஞ்ச நேரம் எதையாவது திருகிட்டு மூடிடுங்க அத்தான்."

அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். விடிந்தால் டெஸ்ட் உள்ளவள், அவன் மானத்துக்குக் காவல் நிற்கிறாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருந்தது. திருப்புளியைக் கீழே வைத்தான்.

"டிரைவ் நல்லாத்தான் இருக்கு. டிஸ்க்க அழிச்சது நான்தான்." குரல் அவனுடையதாகவே இல்லை. "ஆபீஸ் மெஷின்ல ஏத்தி வச்சிருக்கேன். வாம்மா, அங்க போய் மறுபடி எடுத்துக்கலாம். ஞாயித்துக்கிழமையானாலும் முதலாளி இருப்பாரு. இது உன்னோடதுன்னு, எனக்கு இதுல ஒண்ணும் தெரியாதுன்னு, நானே சொல்லிடறேன்."

மனைவி நாற்காலியிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.