டிலானியின் மூன்றாம் அத்தியாயம்

அது 2019 டிசம்பர், வேலைநிறுத்தத்தால் பாரிஸில் மெத்ரோ ரயில் ஓடாத நாட்கள். அப்படி ஒரு நாள் மத்தியானம் டிலானியின் முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு. வீட்டை விட்டு இறங்கும் நேரம் பார்த்து, நடுவர்களில் ஒருவரான பேராசிரியர் ஹார்லோ லண்டனிலிருந்து வந்து, கார் து நோர் ஸ்டேஷன் வாசலில் டாக்சி கிடைக்காமல் நிற்பதாகச் செய்தி வந்தது. அவள் பயந்ததே அவர் ஒருவருக்குத்தான். பிரிட்டன் ஐரோப்பாவோடு இருக்க ஜெர்மனி உதவியது என்று வாதிடும் அவளுடைய மூன்றாம் அத்தியாயத்தை ஏற்க முடியாது என்று முன்கூட்டியே எழுதி அனுப்பியிருந்தார்.

லா சப்பல் பகுதியின் தமிழ்க் கடைகளுக்கு மரக்கறி கொண்டுவரும் எமில் மாமாவுக்கு உடனே போன் போட்டாள்.

"மாமா, மரக்கறி வானை எடுங்கோ. நடுவர் ஒருத்தர் ஸ்டேஷனில நிக்கிறார், அவர் வராட்டி இண்டைக்குத் தேர்வே நடக்காது."

ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் முருங்கைக்காய்ப் பெட்டிகளைப் பாதியில் விட்டுவிட்டு எமில் புறப்பட்டார். வழியில் டிலானியையும் ஸ்டேஷனில் ஹார்லோவையும் ஏற்றிக்கொள்ள, மூவரும் முன் சீட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். நகர நடுவே ஷாத்லேயில் வாகனங்கள் அசையவே இல்லை. இறங்கி நடப்போம் என்றார் ஹார்லோ. அவருடைய பெட்டியை இழுத்துக்கொண்டு டிலானி ஆற்றுப் பாலத்தில் ஏறக்குறைய ஓடினாள். உதவி செய்ததற்காகத் தன்னிடம் இரக்கத்தை எதிர்பார்க்க வேண்டாம் என்று அவர் மூச்சிரைக்கச் சொன்னார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. பயம் எங்கோ போய்விட்டது.

பல்கலைக்கழக மண்டபத்தில் கடைசி வரிசையில் அம்மா இம்மாகுலேற் இருந்தார். ஹார்லோ நேராக விஷயத்துக்கு வந்தார். 1975 வாக்கெடுப்பில் பிரிட்டிஷ் மக்கள் ஐரோப்பாவோடு இருக்க முடிவெடுத்தது தங்கள் வேலையையும் விலைவாசியையும் பார்த்துத்தான். அதில் ஜெர்மனிக்கு என்ன பங்கு என்று கேட்டார்.

"மக்கள் ஜெர்மனிக்காக வாக்களிக்கவில்லை," என்றாள் டிலானி. "ஆனால் அதற்கு முன் பிரிட்டிஷ் பிரதமர் தன் கட்சிக்காரரிடம் ஏதாவது வென்று வந்ததாகச் சொல்ல வேண்டியிருந்தது. டப்ளினில் நடந்த ஐரோப்பியத் தலைவர்களின் பேச்சுவார்த்தையில் ஜெர்மனி விட்டுக்கொடுத்ததால்தான் அப்படிச் சொல்ல முடிந்தது. அடுத்தவர் தன் வீட்டில் வெல்ல இடம் விடுவதும் ராஜதந்திரம்தானே?"

"அப்படியானால் 2016 வாக்கெடுப்பில் அது ஏன் பலிக்கவில்லை? பிரிட்டன் வெளியேறத்தானே முடிவெடுத்தது?" என்றார் ஹார்லோ.

அவள் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. இந்தமுறை பிரிட்டன் கை வைத்தது, ஐரோப்பியர் எந்த நாட்டிலும் போய் வேலை செய்யும் உரிமையில். அதைத் தளர்த்தினால் ஒன்றியமே ஆட்டம் காணும் என்று ஜெர்மனி நினைத்தது என்றாள். பேசப் பேசக் குரல் ஏறியது. அருகிலிருந்த இன்னொரு நடுவரான ஜெர்மன் பேராசிரியர் குறுக்கிட, அவரையும் மறுத்தாள்.

நடுவர்கள் வெளியே போய்க் கலந்து பேசிவிட்டு வந்தார்கள். ஒருமனதாகப் பட்டம் கொடுத்தார்கள். ஹார்லோ கையைக் குலுக்கியபடி, தான் இன்னும் உடன்படவில்லை, ஆனால் மூன்றாம் அத்தியாயத்தைத்தான் முதலில் வெளியிட வேண்டும் என்றார். இம்மாகுலேற் ஓடிவந்து மகளின் இரு கன்னத்திலும் முத்தமிட்டார். டிலானி அம்மாவின் கையை விடாமலே ஹார்லோவிடம் திரும்பி, அவர் எங்கே தவறுகிறார் என்று விளக்கத் தொடங்கினாள்.