கவ்விக்கும் எடை உண்டு

எங்கள் வீட்டுக்காரருக்கு முதுகில் கத்தி வைத்த டாக்டர் வாய்த்துடுக்கு மிகுந்த மனிதர். தையல் பிரித்த அன்று கையைக் கழுவிக்கொண்டே, "இனிமே கடப்பாரையத் தொட்டீங்கன்னா என்கிட்ட வராதீங்க. சக்கர நாற்காலி விக்கிறவன்கிட்ட நேரா போயிடுங்க" என்றார். குலுங்குகிற வண்டியிலும் உட்காரக் கூடாதாம். வீட்டுக்காரர் பவ்யமாகத் தலையாட்டினார். இருபத்தாறு வருடமாக எனக்கும் அப்படித்தான் ஆட்டிக்கொண்டிருக்கிறார். டாக்டரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

எங்களுடையது மர அறுவை மில். மில் என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். தகரக் கூரை, ஒரு பட்டை ரம்பம், எப்போதும் குறையாத மரத்தூள் குவியல், வேலைக்கு இரண்டு ஆட்கள், அவ்வளவுதான். லாரிக்காரன் மரத்தடிகளை வாசலில் உருட்டிவிட்டுப் போய்விடுவான். அங்கிருந்து ரம்ப மேசைக்கு நாற்பது அடி தூரம். அந்த நாற்பது அடியில்தான் வீட்டுக்காரரின் முதுகு போயிற்று.

ஆபரேஷனுக்கு முன்பே ஒரு சின்ன டிராக்டர் வாங்கியிருந்தோம். முன்னால் தூக்கும் கைகள், அதில் ஒரு பக்கெட். பக்கெட் மரத்தூள் அள்ளுவதற்குத்தான் லாயக்கு. தடியை அதில் ஏற்றினால் அது தன் இஷ்டத்துக்கு உருளும். அப்படி உருண்ட ஒரு தடி கழிப்பறைச் சுவரை இடித்துத் தள்ளியது. உள்ளே இருந்த கொழுந்தன் அப்போதுதான் வெளியே வந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு ஒரு மாதம் அவன் எங்கள் மில்லில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

வீட்டுக்காரர் படுத்திருந்த ஆறு வாரமும் டிராக்டரை ஓட்டியவள் நான். முதல் இரண்டு நாள் ஆட்கள் சிரித்தார்கள். மூன்றாம் நாள் நான் அவர்களைப் பார்த்துச் சிரித்தேன். முன்னால் பாரம் ஏறினால் பின்சக்கரம் லேசாகிவிடும், இருக்கையில் உட்கார்ந்தவருக்கு அது உடனே தெரியும். யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. ஈரமான மரத்தூளில் வழுக்கிய சக்கரமே சொல்லித்தந்தது. ஆனால் எழுந்து நடக்க ஆரம்பித்த அன்றே வீட்டுக்காரர் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டார். கத்திப் பார்த்தேன். மூன்று நாள் டீ போடாமல் இருந்தும் பார்த்தேன். மனுஷன் டீ இல்லாமலே ஓட்டினார்.

பக்கெட்டைக் கழற்றிவிட்டு, தடி தூக்குவதற்கென்றே ஏதாவது ஒன்றை மாட்ட வேண்டும் என்று ஒருவழியாக முடிவானது. அது சரியாக அமைந்தால் கடப்பாரைக்கு வேலை இல்லை. அமையாவிட்டால் அவர் மறுபடி கடப்பாரையைத் தூக்குவார், நான் அவரைக் கழிப்பறைக்குத் தூக்கிக்கொண்டு போவேன். என் கவலை அதுதான், அது மட்டும்தான்.

கொழுந்தன் வந்து சேர்ந்தான். ஏதோ ஆபீசில் கணக்குப் பார்க்கிற வேலை அவனுக்கு. எதை வாங்குவதானாலும் வண்டி வண்டியாக விளம்பரப் புத்தகம் கொண்டுவருவான் என்பதால் அவனுக்கு நான் வைத்த பெயர் கேட்லாக். அண்ணனும் தம்பியும் சாப்பாட்டு மேசையில் படங்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தார்கள். அந்த மேசையில் எனக்கு ஒதுக்கப்பட்ட வேலை டீ ஊற்றுவது.

மூன்று சாமான்கள் இருந்தன. ஒன்று, இரண்டு இரும்பு முள். தடிக்கு அடியில் நுழைத்துத் தூக்க வேண்டியது. எடை குறைவு, ஆனால் மேடு பள்ளத்தில் தடி உருளும். இரண்டாவது, சங்கிலியில் தொங்குகிற இடுக்கி. அது எல்லாவற்றையும்விட லேசு, ஆனால் ஒவ்வொரு தடிக்கும் ஒருவர் கீழே நின்று மாட்டிவிட வேண்டும், ஆடுகிற தடிக்குப் பக்கத்திலேயே நிற்கவும் வேண்டும். எனக்கு என் கால் விரல்கள் பத்தின் மேலும் பாசம் உண்டு. மூன்றாவது பெரிய கவ்வி. கிராப்பிள் என்று கேட்லாக் நாக்கைச் சுழற்றிச் சொல்வான். நண்டு மாதிரி வாயைத் திறந்து தடியைக் கவ்விக்கொள்ளும். யாரும் இறங்கவே வேண்டாம்.

கவ்வியின் படத்தைப் பார்த்ததுமே இரண்டு பேரும் சொக்கிப்போனார்கள். ஆளே வேண்டாம், ஆளே வேண்டாம் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். ஆளே வேண்டாம் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்கா தெரியாது? காலை முதல் மாலை வரை இவர் ஒருவரே அந்தக் குலுங்குகிற இருக்கையில் உட்கார்ந்திருப்பார் என்று அர்த்தம். டாக்டர் எதைச் செய்யாதே என்றாரோ அதைச் செய்யவே இரும்பில் ஒரு சாமான் வாங்கப் பார்த்தார்கள்.

முள்ளையே வாங்கலாம், உருளாமல் இருக்க மேலே ஒரு சின்னக் கவ்வி வைத்ததும் இதே புத்தகத்தில் இருக்கிறது, ஓட்டுவதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். வீட்டுக்காரர் காதில் விழாத மாதிரி பக்கத்தைப் புரட்டினார். கொழுந்தன், இது ஸ்கூட்டர் இல்லை அண்ணி என்று இளித்தான். அவன் பாதி குடித்திருந்த டீயை எடுத்துக்கொண்டு போய் செடிக்கு ஊற்றினேன்.

மறுநாள் ஷோரூமுக்குப் போனோம். விற்பனைக்காரர் வெயிலில் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு நின்றிருந்தார். பின்பக்க முற்றத்தில் எங்களுடையதைப் போலவே ஒரு டிராக்டர், அதில் பெரிய கவ்வி. ஒரு பொத்தானை அழுத்தினார். கவ்வி வாயைத் திறந்தது, கீழே கிடந்த தடியைப் பென்சிலை எடுப்பது போல எடுத்து உயரத் தூக்கியது. அண்ணனும் தம்பியும் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். ஈ போயிருந்தாலும் தெரிந்திருக்காது.

எனக்கு அந்தத் தடியைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. இறக்கி வைத்ததும் பக்கத்தில் போனேன். பட்டை இல்லை. இரண்டு முனையும் வெடித்திருந்தது. நடுவில் பொந்து, அதில் எறும்புகள் சௌகரியமாகக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன. விரலை மடக்கித் தட்டினேன். காலி டப்பா சத்தம். எங்கள் வீட்டுக்காரர் எங்கே மரத்தைக் கண்டாலும் தட்டிப் பார்க்கிற ஆள். சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் அவர்கள் கட்டிலைத் தட்டி, இது தேக்கு இல்லை, உங்களை நன்றாக ஏமாற்றிவிட்டார்கள் என்று சொல்லி என் மானத்தை வாங்குவார். அப்படிப்பட்டவர் அன்று தட்டவில்லை. கண் முழுக்கக் கவ்வியில் இருந்தது.

இந்தத் தடி எவ்வளவு நாளாக இங்கே இருக்கிறது என்று கேட்டேன்.

"மூணு வருஷம் ஆச்சு மேடம். ராசியான கட்டை" என்றார் விற்பனைக்காரர்.

வண்டி எவ்வளவு தூக்கும் என்று கேட்டேன். நானூறு கிலோ என்று மூச்சுவிடாமல் சொன்னார். கவ்வி எவ்வளவு எடை என்றேன். உடனே அவருக்குக் காகிதம் தேட வேண்டியதாயிற்று, உள்ளே யாருக்கோ போன் செய்ய வேண்டியதாயிற்று. கடைசியில் நூற்றுத் தொண்ணூறு என்றார்.

"அப்ப கவ்விய யாரு தூக்குவா?" என்றேன். "அதையும் இதே வண்டிதானே தூக்கணும்?"

கணக்கு எழுதியே சாப்பிடுகிற கேட்லாக், போனை எடுத்து நானூறில் நூற்றுத் தொண்ணூறைக் கழித்தான். மிச்சம் இருநூற்றுப் பத்து. எங்கள் வாசலில் கிடப்பது பச்சைத் தடி. இருப்பதிலேயே சின்னது முந்நூறு கிலோ இருக்கும். கம்பெனிக்காரர்கள் எப்போதும் குறைத்துத்தான் எழுதுவார்கள், தாராளமாகத் தூக்கும் என்று விற்பனைக்காரர் சமாளித்தார். அவர்களுடைய வண்டியின் பின்னால் ஒரு பெரிய சிமெண்ட் கட்டி தொங்கியது. அது எதற்கு என்று கேட்டேன், அது சும்மா என்றார். வீட்டுக்காரர் கழுத்துப்பட்டியை நம்பினார். என்னை நம்பவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில், அப்படியானால் நம் தடியை நம் வண்டி தூக்கிக் காட்டட்டும், நாளைக்கே கொண்டுவருகிறோம் என்று சொல்லிவிட்டேன். அதை ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

மறுநாள் காலை ஒரு சின்ன லாரியில் தடியை ஏற்றிக் கட்டினோம். பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் பிள்ளையை அழைத்துப் போவது போல கொழுந்தன் அதை அணைத்துக்கொண்டு உட்கார்ந்தான். டிராக்டரை நான் ஓட்டுகிறேன் என்று சொல்லி முடிப்பதற்குள் வீட்டுக்காரர் ஏறிவிட்டார். நான் லாரியில் இருந்து பின்னால் பார்த்துக்கொண்டே போனேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவர் பல்லைக் கடிப்பது தெரிந்தது.

ஷோரூமில் பக்கெட்டைக் கழற்றி எங்கள் வண்டியில் கவ்வியை மாட்டினார்கள். பின்னால் கட்டி எதுவும் மாட்டவில்லை. பின்சக்கரம் எழும்பாமல் இருக்க அந்தக் கட்டி வேண்டும் என்று நான் எடுத்துச் சொன்னேன். ஒரு தூக்குக்கு அதெல்லாம் வேண்டாம் என்றார் விற்பனைக்காரர். இறங்குங்கள், அவர்கள் ஆளே ஓட்டிக் காட்டட்டும் என்று வீட்டுக்காரரிடம் கெஞ்சினேன். நீ சும்மா இரு என்றார்.

கவ்வி தடியைக் கடித்தது. முழங்கால் உயரம் வந்தது, பிறகு இடுப்பு உயரம். கொழுந்தன் கைதட்டினான். வீட்டுக்காரர் என்னைப் பார்த்து மீசைக்குள்ளே சிரித்தார். அந்தச் சிரிப்போடு வண்டியை லேசாகத் திருப்பினார். முற்றம் அந்தப் பக்கம் கொஞ்சம் சரிவு. பின்சக்கரம் ஒரு சாண் மேலே எழுந்தது, பிறகு இரண்டு சாண். இருக்கையோடு அவர் முன்னால் சாய்ந்தார். இறக்குங்க, இறக்குங்க என்று கத்திக்கொண்டு ஓடினேன். அவர் கவ்வியை இறக்கும் நெம்புகோலை ஒரேயடியாகத் தள்ளினார். தடி தரையில் விழுந்தது. பின்சக்கரங்கள் இரண்டும் தொப்பென்று கீழே வந்தன.

என்ஜினை அணைத்தார். ஸ்டீயரிங்கைப் பிடித்த கையை எடுக்கவில்லை. இறங்குங்க என்றேன். அசையவில்லை. இன்னுமா வீம்பு என்று வாய்வரை வந்துவிட்டது.

"வீம்பு இல்ல" என்றார், நான் கேட்காமலே. "முடியல."

அவ்வளவு பயம் அதற்கு முன் நான் பட்டதில்லை. கால் விரலை அசைங்க என்றேன். அசைத்தேன் என்றார். நம்பாமல் அவர் செருப்பைக் கழற்றிப் போட்டு விரல்களைப் பார்த்தேன். வலது காலில் நன்றாக அசைந்தது. இடது காலில் மெதுவாக அசைந்தது. அசைந்தது, அது போதும்.

இந்த அமளியில் விற்பனைக்காரர் பக்கத்தில் வந்து, சாருக்கு இந்த வண்டி சின்னது, இதைவிடப் பெரிய மாடல் ஒன்று இருக்கிறது, அதில் இந்தப் பிரச்சினையே வராது என்று ஆரம்பித்தார். அவர் கழுத்துப்பட்டியை எந்தப் பக்கம் இழுத்தால் இறுகும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் அவரை ஏறெடுத்துப் பார்த்தார்.

"என்கிட்ட ஏன் சொல்றீங்க? அவகிட்ட பேசுங்க. ஓட்டப் போறது அவதான்."

விற்பனைக்காரர் என் பக்கம் திரும்பினார். இவ்வளவு நாளும் இந்த வார்த்தைக்காகத்தான் தொண்டை கிழியக் கத்தினேன். அது வந்த நேரத்தில் சந்தோஷப்படத் தோன்றவில்லை. இரண்டு முள், உருளாமல் இருக்க மேலே ஒரு சின்னக் கவ்வி, பின்னால் மாட்ட ஒரு சிமெண்ட் கட்டி என்று மளமளவென்று சொன்னேன். கட்டி சும்மாவா என்று கேட்க அப்போது எனக்கு நேரமில்லை. கேட்லாக் தன் புத்தகத்தின் பின்னட்டையில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டான். பிறகு டாக்டருக்குப் போன் போட்டான்.

ஷோரூம் ஆட்கள் இரண்டு பேர் பின்னாலிருந்து தாங்க, நான் முன்னால் நின்று அவரை இறக்கினேன். இரண்டு கையையும் என் கழுத்தைச் சுற்றிப் போட்டு, முழுப் பாரத்தையும் என் மேல் சாய்த்தார். அப்போதுதான் என் காதோரம் சொன்னார்.

"ஒரு வாரமாவே இடது கால் மரத்துப் போகுது."

"ஏன் சொல்லல?"

"சொன்னா வண்டியில நீ உக்காந்துருவ. அப்புறம் நம்ம மில்லுல நான் எங்க உக்கார்றது?"

அவரை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். தம்பி பார்க்கிறான், விடு என்று முணுமுணுத்தார். பார்க்கட்டும் என்று நான் விடவில்லை.