கூக்காட்ட வேண்டிய சனம்

பேர்ள் அன்ரி தனியாக வந்திருந்தால் ஒரு பிரச்சினையும் இருந்திருக்காது. நான் மல்யுத்த ரிங்குக்குள் குந்தியிருந்து நடுக்கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தபோது மண்டபக் கதவு திறந்தது. அன்ரி உள்ளே வந்தார். அவருக்குப் பின்னால் அன்று காலை தேவாலயத்தில் தமிழ்ப் பூசைக்கு வந்த சனத்தில் பாதி வந்தது. பட்டுச் சேலைகள், மடிப்புக் குலையாத சேட்டுகள், மூடிக் கட்டிய றோல்ஸ் தட்டுகள், ஒரு கைக்குழந்தை. கிரான்பர்ன் புறநகரில் இந்த மண்டபத்துக்கு மாதாமாதம் வருகிற எங்கள் வழக்கமான கூட்டம் கறுப்பு ரீசேட்டும் பச்சை குத்திய கைகளுமாக இருக்கும். அவர்கள் ஒன்றும் விளங்காமல் கதிரைகளை நகர்த்தி வழிவிட்டார்கள். அன்ரி யாரையும் கேட்காமல் முன்வரிசை முழுவதையும் பிடித்துக்கொண்டார். கோயிலில் பிந்தி வந்தாலும் முன்வாங்கில்தான் இருப்பார்.

அவருடைய மகள் நிரஞ்சலா எங்கள் சாம்பியன். அன்றைக்கு அவளுடைய கடைசி ஆட்டம். கழுத்தை ஸ்கேன் பண்ணிப் பார்த்த டொக்டர் இனிமேல் விழுகிற வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஒன்பது வருடமாக அன்ரி இந்த மண்டபப் பக்கமே வந்ததில்லை. மகள் எங்கே என்று கோயிலில் யாராவது கேட்டால், ஜிம்முக்குப் போயிருக்கிறாள் என்பார். மன்னாரிலிருந்து வந்து தாதியாக வேலை செய்து வளர்த்த பிள்ளை, கறுப்புக் கால்சட்டையோடு மேடையில் புரண்டு எழும்புவதை எந்தத் தாய்தான் பெருமையாகச் சொல்லுவாள்? இனி இல்லை, இதுதான் கடைசி என்றதும் மனம் இளகிவிட்டது போல. பூசை முடிய ஒலிவாங்கியையே வாங்கி, எல்லோரும் பார்க்க வரவேண்டும் என்று அறிவித்தாராம்.

திரைக்குப் பின்னால் நின்று நிரஞ்சலா எட்டிப் பார்த்தாள். அம்மா ஒருநாள் வரவேண்டும் என்று அவள் எத்தனை தரம் சொல்லியிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். முகம் ஒரு கணம் மலர்ந்தது. பிறகு அப்படியே இறுகிப்போனது.

“ஜெனி, இவையள் எனக்குக் கைதட்டப் போகினம்,” என்றாள்.

அதில் என்ன பிரச்சினை என்று வெளியாட்கள் கேட்கலாம். அதற்கு எங்கள் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். றெட்கம் றெஸ்லிங் என்ற எங்கள் மல்யுத்தக் குழுவைத் தொடங்கியவர் அருந்தவன் அண்ணை. தொழில் எலெக்ட்ரீஷியன், பைத்தியம் மல்யுத்தம். சாரக் குழாய்களை வெட்டி ஒட்டித் தன் கராஜிலேயே ரிங்கைச் செய்தார். முதல் காட்சிக்கு வந்தவர்களில் முக்கால்வாசி மல்யுத்தக்காரரின் மனைவிமாரும் அவர்கள் காரில் கூட்டி வந்த நாய்களும். கோவிட் காலத்தில் ரிங்கைப் பின்வளவில் போட்டு வைத்திருந்தார். நல்ல வெயில் படுகிற தட்டையான இடம் வேறு இல்லை என்று அவருடைய மனைவி மிருணாளினி அதில் செத்தல் மிளகாய் காயவைத்தார். கட்டுப்பாடுகள் நீங்கி நடந்த முதல் காட்சியில், ரிங்கின் தரைத்துணியில் முகம்குப்புற விழுந்த அத்தனை பேரும் குலுங்கிக் குலுங்கி அழுதார்கள். என்ன நடிப்பு என்று சனம் எழுந்து நின்று கைதட்டியது. அன்றிலிருந்துதான் மண்டபம் நிரம்பத் தொடங்கியது.

யார் வெல்வது என்பது முன்கூட்டியே பேசிவைத்தது. அது எல்லோருக்கும் தெரியும். பேசிவைக்க முடியாதது சனத்தின் சத்தம் மட்டும்தான். நிரஞ்சலா எங்கள் வில்லி. மேடையில் அவள் வீட்டு வாடகை ஏஜென்ற். கையில் தாள் செருகிய கிளிப்போட் அட்டையோடு வருவாள், ரிங்கின் விளிம்பை விரலால் தடவித் தூசு பார்ப்பாள், மைக்கை வாங்கி எல்லோருக்கும் வாடகையைக் கூட்டுவாள். ஆயுள் முழுக்க வாடகை வீட்டில் இருக்கிற எங்கள் கூட்டம் அடிவயிற்றிலிருந்து கூக்காட்டும். அந்தக் கோபத்தில்தான் எதிராளி வளருவார். இந்தத் தொழிலில் ஒரு வழக்கமும் இருக்கிறது. விலகிப் போகிறவர் தோற்றுவிட்டுத்தான் போகவேண்டும். தான் சேர்த்த பெயர் முழுவதையும் முதுகு தரையில் பட இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டுப் போகவேண்டும். நிரஞ்சலா கொடுக்க நினைத்தது டெஸ்ஸுக்கு. டெஸ் பிளம்பிங் பழகுகிற பெண், நல்ல பலசாலி, ஆனால் சனம் இன்னும் அவளை நெஞ்சில் ஏற்றவில்லை. வில்லிக்குக் கைதட்டு விழுந்தால், அவளை அடித்து விழுத்துகிற டெஸ் வெறும் குழப்படிக்காரி ஆகிவிடுவாள். அடுத்த மாதம் அவளைப் பார்க்க ஒருவரும் வரமாட்டார்கள்.

வேண்டுமானால் ஆட்டத்தைச் சுருக்கிவிடலாம் என்று அருந்தவன் அண்ணை சொன்னார். நிரஞ்சலா கேட்கவில்லை. கழுத்தை இரண்டு பக்கமும் மெல்லத் திருப்பிப் பார்த்தாள்.

“அம்மான்ர ஆக்களையும் கூக்காட்ட வைச்சிட்டுத்தான் நான் போவன்,” என்றாள்.

மணி அடித்தது. நான் நடுவர். கோடுபோட்ட சேட்டும் கறுப்புக் காற்சட்டையுமாக நடுவில் நிற்கிற அந்த மெலிந்த ஆள். கிளிப்போட்டோடு அவள் வந்ததுமே முன்வரிசை எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. வாடகையைக் கூட்டினாள். எங்கள் தமிழ் ஆட்களில் பாதிப் பேர் இப்போது ஒரு வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறவர்கள், அவர்கள் இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். நிரஞ்சலா ரிங்கைவிட்டு இறங்கினாள், தாயின் மடியிலிருந்த தட்டில் ஒரு றோல்ஸை எடுத்துக் கடித்தாள், முகத்தைச் சுளித்தாள், அது கடையில் வாங்கியது என்று மைக்கில் தமிழில் சொன்னாள். மன்னார்க்காரியின் கைப்பக்குவத்தைப் பழித்தால் ஊரே கொதிக்கும் என்பது அவள் கணக்கு. ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. பேர்ள் அன்ரியும் சிரித்தார், பக்கத்திலிருந்தவரிடம் மகள் சின்ன வயதிலிருந்தே இப்படித்தான் பகிடி விடுவாள் என்றார்.

கைதட்டு தொற்றக்கூடியது. பின்னால் இருந்த எங்கள் கறுப்பு ரீசேட்டுகளும், கடைசி நாள்தானே, பாவம் என்று நினைத்தார்களோ என்னவோ, நிரஞ்சலாவின் பெயரைச் சொல்லித் தட்டத் தொடங்கினார்கள். டெஸ் அவளைத் தோளில் தூக்கிச் சுழற்றிப் போட்டாள். அழகான பிடி அது, மாதக்கணக்கில் பழகியது. மண்டபம் மௌனமாக இருந்தது. கைக்குழந்தை மட்டும் அழுதது. எழும்பிய டெஸ் சனத்தை ஒருதரம் சுற்றிப் பார்த்தாள்.

ஆட்டத்தின் நடுவில் செய்தி கொண்டுபோவது நடுவரின் வேலை. டெஸ்ஸின் காதுக்குள் குசுகுசுப்பேன். நிரஞ்சலாவோடு எனக்கு அந்தச் சிரமமே இருந்ததில்லை. இத்தனை வருடமும் நாங்கள் இருவரும் ரிங்குக்குள் சத்தமாகத் தமிழில்தான் கதைப்போம். யாருக்கு விளங்கப்போகிறது? நடுவர் வில்லியைத் திட்டுகிறார் என்று சனம் நினைத்துக்கொள்ளும். அன்றைக்கும் அவள் முன்வரிசைக்கு நேரே கயிற்றில் சாய்ந்து கிடந்தபோது, வாய்ப் பழக்கத்தில் விரலை ஆட்டி ஆட்டி உரக்கக் கேட்டேன்.

“கழுத்து எப்பிடி?”

“விறைச்சுப் போச்சு,” என்று அவளும் கோபக்காரியைப் போலவே கத்தினாள். “இடது கை உணர்வில்லை.”

“அப்ப முடிப்பம். டெஸ்ஸுக்குச் சொல்லுறன்.”

“இல்லை. இந்தச் சத்தத்தில முடிச்சா அந்தப் பிள்ளைக்கு ஒண்டும் மிஞ்சாது. இவை எனக்குக் கூக்காட்டாமல் நான் விழமாட்டன். என்ன வந்தாலும் விழமாட்டன்.”

சொல்லி முடித்த பிறகுதான் எங்கள் இருவருக்கும் உறைத்தது. முன்வரிசையில் கைதட்டு நின்றிருந்தது. ஒரு பட்டுச் சேலை வாயைக் கையால் பொத்தியிருந்தது. பேர்ள் அன்ரி கையெட்டும் தூரத்தில் இருந்தார். தாதியாக முப்பது வருடம் வேலை செய்தவர், உணர்வில்லாத கை என்றால் என்னவென்று அவருக்கு நாங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை. மகளைப் பார்த்தார். மகள் கயிற்றைப் பிடித்தபடி தாயைப் பார்த்தாள். இப்போது இவர் ரிங்குக்குள் ஏறி ஆட்டத்தை நிறுத்தப் போகிறார் என்றுதான் நினைத்தேன். நிறுத்தியிருந்தால் பிழை சொல்லவும் முடியாது.

அன்ரி றோல்ஸ் தட்டைப் பக்கத்துக் கதிரையில் வைத்தார். எழும்பினார். திரும்பித் தன் சனத்தைப் பார்த்தார்.

“என்ன பார்த்துக்கொண்டிருக்கிறியள்? கூக்காட்டுங்கோ.”

ஒருவரும் அசையவில்லை. அன்ரி ரிங்கின் பக்கம் திரும்பி விரலை நீட்டினார். குரல் முதலில் உடைந்தது, பிறகு உறுதியாக வந்தது.

“போன் அடிச்சா எடுக்காதவள். பூசைக்கு வராதவள். பெத்தவளின்ர றோல்ஸைக் கடை றோல்ஸ் எண்டவள். டெஸ் பிள்ளை, தூக்கிப் போடு இவளை.”

பிறகு இரண்டு கைகளையும் வாயருகே குவித்து நீளமாகக் கூக்காட்டினார். அடுத்த கதிரையில் இருந்தவர் சேர்ந்தார். வரிசை முழுவதும் சேர்ந்தது. நடிக்கத்தான் தொடங்கினார்கள், ஆனால் வருடக்கணக்காகப் பூசையில் மனதுக்குள் அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து வந்ததோ தெரியாது, கூரை அதிர்ந்தது. பின்னாலிருந்த ரீசேட்டுகள் ஒரு கணம் திகைத்தன. பிறகு தங்கள் ஏஜென்றை நினைவுக்குக் கொண்டுவந்து முழு மூச்சோடு கூக்காட்டின. நிரஞ்சலாவின் கண்கள் பளபளத்தன. கிளிப்போட்டை எடுத்து டெஸ்ஸின் முதுகில் ஓங்கி அடித்தாள். மண்டபம் கொதித்தது. டெஸ் அடியை வாங்கிக்கொண்டு நிமிர்ந்தபோது அவளுடைய பெயரைச் சொல்லி முதன்முதலாக நூற்றுக்கணக்கான கால்கள் தரையை உதைத்தன. அவள் நிரஞ்சலாவைத் தூக்கினாள், கழுத்தைத் தன் உள்ளங்கையில் ஏந்திப் பத்திரமாக, பார்க்கிறவருக்குக் கொடூரமாக, முதுகு பட இறக்கினாள். நான் விழுந்து தரையில் கையால் மூன்று தரம் அடித்தேன். பின்வரிசை ஆங்கிலத்தில் எண்ணியது. முன்வரிசை தமிழில் எண்ணியது. மூன்று என்ற எண் இரண்டு மொழியிலும் ஒரே நேரத்தில்தான் வந்தது.

டெஸ் சாம்பியன் பட்டியைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு ரிங்கைச் சுற்றி வந்தாள். பட்டுச் சேலைகள் அவளைத் தொட்டுப் பார்க்கக் கை நீட்டின. வென்றவர் திரைக்குப் பின்னால் போகும்வரை தோற்றவர் எழும்பக்கூடாது. அதுவும் எங்கள் வழக்கம். நிரஞ்சலா மல்லாந்து கண்ணை மூடிக் கிடந்தாள். நான் பக்கத்தில் முழந்தாளிட்டு இடது கையை எடுத்தேன். விரல்கள் என் விரலை மெல்ல இறுக்கின.

“ஆருக்குத் தட்டுகினம்?” என்றாள், உதடு அசையாமல். இந்த முறை மெதுவாக.

“டெஸ்ஸுக்கு. எல்லாரும்.”

“அம்மா?”

நிமிர்ந்து பார்த்தேன். சனம் டெஸ்ஸின் பின்னால் திரைப் பக்கம் போயிருந்தது. முன்வரிசையில் பேர்ள் அன்ரி மட்டும் நின்றார். கைப்பை தோளிலிருந்து நழுவி முழங்கையில் தொங்கியது. கண்ணீர் நாடிவரை வழிந்திருந்தது. வாயருகே குவித்த கைகளை அவர் இன்னும் எடுக்கவில்லை.

“நிக்கிறா,” என்றேன். “இன்னும் கூக்காட்டுறா.”

நிரஞ்சலா வலக்கையைத் தூக்கி, நோவு தாங்காத ஆளைப் போல, முகத்தை மூடிக்கொண்டாள்.